எம்டனின் தலைவர்

மனிதரின் பெயரை மக்கள் மறந்துவிட்டு, அவர் செலுத்திய கப்பலின் பெயரை மட்டும் தம் மொழியில் ஒரு சொல்லாக வைத்துக்கொள்வது உலகில் அடிக்கடி நிகழ்வதன்று. தமிழில் அவ்வாறு தங்கிவிட்ட சொல் எம்டன். பிறர் கண்ணில் மண்ணைத் தூவிக் காரியம் முடிப்பவன் எம்டன். எப்போது வருவான், எப்படி வருவான் என்று தெரியாதவன் எம்டன். சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சூளூர்பேட்டையில், தெலுங்கு வழங்கும் தெருவில் தமிழ் வழங்கும் எங்கள் வீட்டிலும் இச்சொல் புழக்கத்தில் உண்டு. விளையாட்டுப் பிள்ளையையும் எம்டன் என்போம். கடன் வாங்கிக்கொண்டு கண்ணில் படாமல் திரிபவனையும் எம்டன் என்போம்.

அந்த எம்டனைச் செலுத்தியவர் யார்? ஊர் எது? கடைசியில் என்ன ஆனார்? இவ்வினாக்களுக்கு நம்மில் பலர் விடை சொல்ல மாட்டோம். அவர் பெயர் கார்ல் வான் முல்லர். தம் கப்பலுக்கு வேடம் கட்டியவர். தமக்கு ஒருநாளும் வேடம் கட்டாதவர். அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் கடலும்

முல்லர் 1873ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் ஜெர்மனியில் ஹானோவர் நகரில் பிறந்தார். தந்தையார் பிரஷ்யப் படையில் அதிகாரி. படை வீட்டுப் பிள்ளை படைக்கே போவது அந்நாட்டு வழக்கம். முல்லரும் பிளோன் நகரத்துப் படைப் பள்ளியில் பயின்றார். ஆனால் 1891இல் அவர் தேர்ந்துகொண்டது தரைப்படை அன்று, கடற்படை.

தொடக்க ஆண்டுகளில் பெரிய புகழ் ஒன்றும் வரவில்லை. சிறு கப்பல் ஒன்றில் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்குக் கிடைத்தது பதக்கம் அன்று, மலேரியாக் காய்ச்சல். அக்காய்ச்சல் அவரை இறுதிவரை விடவில்லை. பின்னர்ப் பீரங்கி அதிகாரியாகவும் தலைமை அலுவலகத்தில் பணியாளராகவும் உழைத்தார். அதிகம் பேசாதவர், கூச்சம் மிக்கவர், ஆனால் கொடுத்த வேலையைக் குறைவின்றிச் செய்பவர் என்று பெயர் வாங்கினார். அந்த உழைப்பின் பயனாக 1913ஆம் ஆண்டு எம்டன் என்னும் போர்க்கப்பல் அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய நாற்பது.

எம்டன் 1908இல் டான்சிக் துறையில் நீரில் இறக்கப்பட்டது. நீளம் 118 மீட்டர், வாய் 10.5 சென்டிமீட்டர் உள்ள பீரங்கிகள் பத்து, புகைபோக்கிகள் மூன்று. சீனக் கரையில், அன்று ஜெர்மானியர் வசம் இருந்த சிங்தாவ் துறைமுகமே அதன் இருப்பிடம். அமைதிக் காலத்தில் அதன் உடல் முழுவதும் வெள்ளைப் பூச்சு. கீழ்க்கடலின் அன்னம் என்று அதைச் செல்லமாக அழைத்தார்கள். வெப்ப நாட்டுக் கடல்களில் வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும். கப்பலின் உள்ளே சற்றுக் குளிர்ச்சி இருக்கும். துறைமுகத்துக்குத் துறைமுகம் சென்று பார்ப்பவர் கண்ணைக் கவரவும் வெள்ளையே ஏற்றது.

நிறத்தின் இயல்

இங்கே கதையைச் சற்று நிறுத்தி, உயிரியல் படிப்பவன் என்ற முறையில் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. அதில் பிடிபடும் மடவை மீனைப் பார்த்திருப்பீர்கள். முதுகு கருமை, வயிறு வெள்ளி. மேலிருந்து நோக்கும் பறவைக்கு முதுகு இருண்ட நீரோடு கலந்துவிடும். கீழிருந்து நோக்கும் பெரிய மீனுக்கு வயிறு ஒளிரும் வானத்தோடு கலந்துவிடும். மேலே ஒளி விழும் இடத்தில் கருமையும், கீழே நிழல் விழும் இடத்தில் வெண்மையும் இருந்தால் உருளையான உடல் தட்டையாகத் தோன்றும். கண் அதை ஒரு பொருளாகவே கொள்ளாமல் கடந்துபோகும். இவ்வுண்மையை 1896இல் எழுதி வெளியிட்டவர் அப்பட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர். 1914இல் ஜான் கிரகாம் கெர் என்ற விலங்கியற் பேராசிரியர், போர்க்கப்பல்களுக்கும் இம்முறையில் வண்ணம் தீட்டலாம் என்று பிரிட்டிஷ் கடற்படை அமைச்சர் சர்ச்சிலுக்கு எழுதினார். பின்னாளில் டாங்கிகளுக்கும் லாரிகளுக்கும் அவை இழுக்கும் வண்டிகளுக்கும் பச்சையும் மண்நிறமும் திட்டுத்திட்டாகப் பூசியது இவ்வறிவின் வழிவந்ததே. ஆவடியில் செய்யப்பட்ட விஜயந்தா டாங்கிகள் ஓய்வு பெற்று, இன்று நம் நாட்டின் பல ஊர்களில் மேடைமேல் நிற்கின்றன. சுடும் வேலை போயிற்று. மறைக்கும் பூச்சு மட்டும் போகவில்லை. நாற்சந்தியில் நின்றுகொண்டு அது யாரிடமிருந்து ஒளிகிறதோ, தெரியவில்லை!

கடலில் மட்டும் ஒரு தொல்லை உண்டு. தரையில் மரமும் மண்ணும் பின்னணியாக நிற்கும். கடலில் பின்னணி வானம். எந்த நிறம் பூசினாலும், வெளிச்ச வானத்துக்கு முன்னே தொலைவில் வரும் கப்பல் ஒரு கரிய நிழலுருவமாகவே தெரியும். ஆகவே அந்நாளைய மாலுமி கப்பலை நிறத்தால் அறியவில்லை, உருவத்தால் அறிந்தான். பாய்மரம் எத்தனை, புகைபோக்கி எத்தனை என்று எண்ணினான். மூன்று புகைபோக்கி என்றால் எம்டனாக இருக்கலாம். நான்கு என்றால் ஆங்கிலேயரின் யார்மவுத் போன்ற கப்பலாக இருக்கலாம். எண்ணிக்கையே அடையாளம். எம்டனின் தந்திரம் முழுவதும் இந்த ஓர் எண்ணில் அடங்கியிருந்தது.

நான்காவது புகைபோக்கி

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. வெள்ளை அன்னம் சாம்பல் நிறம் பூண்டது. ஜெர்மானியக் கீழ்க்கடற் படையின் தலைவர் ஸ்பே, தம் கப்பல்களை எல்லாம் பசிபிக் கடலில் ஒன்றுசேர்த்து, தென் அமெரிக்கா நோக்கிச் செல்லத் திட்டமிட்டார். ஒரு கப்பலையாவது இந்தியக் கடலுக்கு அனுப்ப வேண்டும் என்று முல்லர் கேட்டார். தாமே போவதாகவும் சொன்னார். ஸ்பே இசைந்தார். நிலக்கரி சுமந்த ஒரே ஒரு துணைக்கப்பலோடு எம்டன் தனியே புறப்பட்டது. எதிரிக் கப்பல்கள் நிறைந்த கடலில் அதற்கு நட்புத் துறைமுகம் ஒன்றுகூட இல்லை.

அப்போது எம்டனின் துணைத் தலைவர் மூக்கே ஒரு யோசனை கூறினார். பாய்த்துணியாலும் மரச் சட்டத்தாலும் பொய்யாக ஒரு புகைபோக்கி செய்து நிறுத்தினால், எம்டன் ஆங்கிலக் கப்பல் போல் தோன்றும். முல்லர் உடனே ஒப்பினார். மூன்று நான்காயிற்று. அதே நிறம், அதே உடல்; ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு வேறு நாட்டுக் கப்பல்!

பூச்சையும் பொய்ப் புகைபோக்கியையும் காட்டிக்கொடுக்கும் பகைவன் ஒன்று கப்பலுக்குள்ளேயே இருந்தது. அதுதான் நிலக்கரி. தரம் குறைந்த கரியை எரித்தால் கரும்புகை வானளாவ எழும். அடிவானத்துக்கு அப்பால் இருப்பவனும் அறிவான். இங்கிலாந்தின் மேற்கே வேல்ஸ் நாட்டுக் கரி அதிகம் புகையாது. ஆகையால் முல்லர் பிடித்த கப்பல்களில் பொன்னைத் தேடவில்லை. நல்ல கரியைத் தேடினார். வங்காளக் கரி ஏற்றிய கிரேக்கக் கப்பல் ஒன்று செப்டம்பர் 10ஆம் நாள் கிடைத்தது. அதே மாத இறுதியில் பூரெஸ்க் என்ற ஆங்கிலக் கப்பல் ஆறாயிரம் டன்னுக்கு மேல் வேல்ஸ் கரியோடு வந்து அகப்பட்டபோது எம்டனில் இருந்தவர்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

வங்கக் கடலில் ஒன்றன்பின் ஒன்றாக வணிகக் கப்பல்கள் பிடிபட்டன. இந்தஸ் என்ற கப்பலில் பெட்டி பெட்டியாகச் சோப்பு கிடைத்தது. குளிக்கச் சோப்பின்றித் தவித்த மாலுமிகளுக்கு அது பெருஞ்செல்வம். முல்லரின் முறை எப்போதும் ஒன்றே. முதலில் கப்பலை நிறுத்துவார். அதில் உள்ளவர்களை எல்லாம் பத்திரமாக இறக்குவார். பிறகே கப்பலை மூழ்கடிப்பார். கபிங்கா என்ற கப்பலில் அதன் தலைவருடைய மனைவியும் குழந்தையும் இருந்தனர். முல்லர் அக்கப்பலை மூழ்கடிக்கவில்லை. மற்றக் கப்பல்களில் பிடிபட்டவர்களை எல்லாம் அதில் ஏற்றி அனுப்பிவிட்டார். அவர்கள் கரை சேர்ந்ததும், தங்களைச் சிறைபிடித்தவரையே புகழ்ந்து பேசினார்கள். பகைவர் நாட்டுச் செய்தித்தாள்களும் புகழ்ந்தன.

சென்னையில் ஓர் இரவு

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணியளவு. சென்னைத் துறைமுகத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. போர் எங்கோ ஐரோப்பாவில் நடப்பதாக நகரம் எண்ணியிருந்தது. எம்டன் கரைக்கு மூவாயிரம் கஜ தூரத்துக்குள் வந்து, தேடொளி பாய்ச்சி, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டது. ஏறக்குறைய 130 குண்டுகள். தொட்டிகள் தீப்பற்றின. கரையிலிருந்து பீரங்கிகள் விடை சொல்லுமுன் வேலை முடிந்தது; எம்டன் இருளில் மறைந்தது.

நகர மக்கள் வீடு வாசலை விட்டுக் கூட்டங் கூட்டமாக வெளியூர்களுக்குப் புறப்பட்டனர். ஏற்றுமதி வணிகம் பாதிக்கு மேல் விழுந்தது. வங்கக் கடலில் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளிவர அஞ்சின. உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிற்சுவரில் அந்த இரவை நினைவூட்டும் கல் இன்றும் உள்ளது. சென்னைவாசிகள் பலர் அதைப் பாராமலே கடந்துபோகின்றனர்.

குண்டுகள் குடியிருப்பில் விழாதபடி முல்லர் கப்பலை நிறுத்தும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தார். ஆயினும் அன்றிரவு ஐவர் உயிரிழந்தனர் என்பதை நாம் மறத்தல் கூடாது. அவர்களுக்கும் இப்போருக்கும் என்ன தொடர்பு? வெள்ளையர் இருவரின் சண்டையில் நம் கரை களமாயிற்று, அவ்வளவே. முல்லரின் பெருந்தன்மையைப் பேசும் நூல்கள் இந்த ஐவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நாமாவது பேச வேண்டும். எவ்வளவு நல்லவர் சுட்டாலும் குண்டு குண்டுதான்.

இவ்விடத்தில் இன்னொரு செய்தியையும் தெளிவுபடுத்துதல் நலம். திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழராகிய செண்பகராமன் பிள்ளை அன்றிரவு எம்டனில் இருந்தார் என்று நம்மவர் பலர் இன்றும் எழுதி வருகின்றனர். கேட்பதற்கு இனிமையான கதைதான்! ஆனால் எம்டன் புறப்பட்டது சீனக் கரையில். செண்பகராமன் அந்நாளில் இருந்தது சுவிட்சர்லாந்தில். இடையே கடல்களும் கண்டங்களும் கிடக்கின்றன. இந்திய விடுதலைக்காக ஐரோப்பாவில் அவர் உழைத்த உழைப்பே அவருக்குப் போதுமான பெருமை. இல்லாத கப்பலில் அவரை ஏற்ற வேண்டியதில்லை.

வேடம் கலைந்த நாள்

சென்னைக்குப் பின் எம்டன் இலங்கைக் கரைக்கும், அங்கிருந்து டியகோ கார்சியா தீவுக்கும் சென்றது. அத்தீவு மக்களுக்குப் போர் மூண்ட செய்தியே எட்டவில்லை. ஆகையால் எம்டனை அன்போடு வரவேற்றனர்! அங்கே கப்பலின் அடியில் படிந்திருந்த பாசியைச் சுரண்டித் துப்புரவு செய்துகொண்டு, முல்லர் மீண்டும் வேட்டைக்குத் திரும்பினார்.

அக்டோபர் 28ஆம் நாள் விடியற்காலை, நான்கு புகைபோக்கிகளோடு எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. யாரும் தடுக்கவில்லை. உள்ளே நங்கூரமிட்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் ஷெம்சுக்கை நெருங்கியதும், சுடுவதற்கு முன் முல்லர் தம் நாட்டுக் கொடியை ஏற்றினார். இதை நாம் கவனிக்க வேண்டும். பகைவனை ஏய்த்து அருகில் செல்லலாம். ஆனால் சுடும்போது சொந்தக் கொடி பறக்க வேண்டும் என்பது கடற்போர் மரபு. முல்லர் அந்த எல்லையைத் தாண்டவில்லை. ஷெம்சுக் சில நிமிடங்களில் மூழ்கியது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெளியே வரும் வழியில் மூஸ்கே என்ற சிறு பிரெஞ்சுக் கப்பலும் மூழ்கியது. பகைக் கப்பல்கள் எந்நேரமும் வரலாம் என்ற நிலையிலும் முல்லர் நின்று, நீரில் தத்தளித்த 36 பிரெஞ்சு மாலுமிகளைத் தூக்கிக் காப்பாற்றினார். காயத்தால் இறந்தவர்களுக்குப் போர்வீரருக்குரிய மரியாதையோடு கடலில் ஈமக்கடன் நடந்தது. பிழைத்தவர்களை இரண்டு நாளில் ஓர் ஆங்கிலச் சரக்குக் கப்பலில் ஏற்றி மருத்துவத்துக்கு அனுப்பினார்.

இறுதி நாள் நவம்பர் 9. கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க, மூக்கேயின் தலைமையில் ஐம்பது பேர் கரையிறங்கினர். ஆனால் நிலையத்தில் இருந்தவர்கள் கூர்ந்து பார்த்தனர். நான்காவது புகைபோக்கி துணி என்று கண்டுகொண்டனர். அந்நியக் கப்பல் வந்திருப்பதாகக் கம்பியில்லாத் தந்தி பறந்தது. ஐம்பது மைல் அளவு தொலைவில், ஆஸ்திரேலியப் படைகளை ஏற்றிய கப்பல் வரிசைக்குக் காவலாகச் சென்றுகொண்டிருந்த சிட்னி என்ற போர்க்கப்பல் அதைக் கேட்டுத் திரும்பியது.

சிட்னி பெரிது, அதன் பீரங்கிகளும் பெரியவை. எம்டனின் குண்டு எட்டாத தூரத்தில் நின்று சுட அதனால் முடியும். முற்பகல் ஒன்பதே முக்கால் மணி அளவில் தொடங்கிய போர், பதினொன்றே கால் மணிக்குள் முடிந்துவிட்டது. புகைபோக்கிகள், உண்மையானவை, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. எஞ்சிய உயிர்களையேனும் காக்க வேண்டும் என்று முல்லர் கப்பலை வடகீலிங் தீவின் பவளப் பாறையில் மோதி நிறுத்தினார். எம்டனில் மாண்டவர் 130 பேருக்கு மேல், சிட்னியில் நால்வர். கரையில் விடப்பட்ட மூக்கேயும் தோழர்களும் ஒரு பழைய பாய்க்கப்பலைப் பிடித்து, அராபியா வழியாக அடுத்த ஆண்டு கான்ஸ்டான்டிநோபிள் சேர்ந்தது தனிக்கதை. முல்லர் சிறைப்பட்டார். அவருடைய வாளை வாங்கிக்கொள்ளாமல் அவரிடமே விட்டார் சிட்னியின் தலைவர் கிளாசப்.

நம் வளாகத்தில் ஒரு கைதி

முல்லரை முதலில் மால்டாத் தீவில் வைத்திருந்தனர். 1916 அக்டோபரில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தனர். எங்கே வைத்தார்கள் தெரியுமா? இன்று நம் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் பகுதியாக விளங்கும் சட்டன் பானிங்டனில்! அந்நாளில் அது புதிதாகக் கட்டப்பட்ட வேளாண்மைக் கல்லூரி. மாணவர் வருமுன் ஜெர்மானிய அதிகாரிகளாகிய போர்க் கைதிகள் வந்து குடியேறினர். கோதுமையையும் கால்நடையையும் பற்றி நாம் பாடம் கேட்கும் அவ்விடத்தில், நம் மொழிக்கு ஒரு சொல்லைத் தந்த கப்பலின் தலைவர் கம்பி வேலிக்குள் உலவிக்கொண்டிருந்தார் என்பதை அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

1917 செப்டம்பரில் இருபதுக்கும் மேற்பட்ட கைதிகள் சுரங்கம் தோண்டித் தப்பினர். அவர்களுள் முல்லரும் ஒருவர். கடலில் எத்தனையோ கப்பல்களின் கண்ணிலிருந்து தப்பியவரால் இங்கிலாந்தின் வயல்வெளியில் ஒளிய முடியவில்லை. எல்லோரும் பிடிபட்டனர். ஈரமும் குளிரும் பழைய மலேரியாவைக் கிளறிவிட்டன. நோய் முற்றவே, 1918 சனவரியில் கைதி மாற்ற முறையில் அவரை ஹாலந்து நாட்டுக்கு அனுப்பினர். அவ்வாண்டு மார்ச்சில் ஜெர்மனியின் மிக உயர்ந்த போர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அக்டோபரில் தாய்நாடு திரும்பினார். சில வாரங்களில் அந்நாடு போரில் தோற்றது.

புகழை விற்காதவர்

1919இல் உடல்நலம் கெட்டு முல்லர் பணியிலிருந்து விலகினார். பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் குடியமர்ந்தார். மணம் செய்துகொண்டார், இரு பெண் மக்கள் பிறந்தனர். பிரன்ஸ்விக் மாநிலச் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எம்டனின் கதையை அவரே எழுத வேண்டும் என்று பலர் வேண்டினர். எழுதியிருந்தால் பணம் மழையாகக் கொட்டியிருக்கும். மூக்கே எழுதினார், உலகெங்கும் விற்றது. முல்லர் மறுத்துவிட்டார். தம்மோடு வந்து மாண்ட தோழர்களின் குருதியை விற்றுப் பொருள் சேர்ப்பது போன்ற உணர்வு நீங்கவில்லை என்பதே அவர் கூறிய காரணம். 1923 மார்ச் 11ஆம் நாள் திடீரென இறந்தார். ஐம்பது வயது நிரம்பவில்லை. ஆப்பிரிக்காவில் பிடித்த காய்ச்சல் அவ்வுடலை முன்பே அரித்துவிட்டிருந்தது.

எம்டனின் சிதைந்த உடலை 1950களில் ஜப்பானியர் உடைத்து எடுத்துச் சென்றனர். அதன் பீரங்கி ஒன்று சிட்னி நகரப் பூங்காவில் காட்சிக்கு நிற்கிறது. துணிப் புகைபோக்கி போன இடம் தெரியாது.

அன்பர்களே! எம்டன் என்ற சொல்லை நாம் விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அச்சத்தில் பிறந்த சொல் அது. அன்று அஞ்சியவர்கள் நம் முன்னோர். அஞ்சுவதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது. ஆனால் வஞ்சகன் என்ற பொருளில் அதை வழங்கும்போது அதன் தலைவருக்கு நாம் நீதி செய்யவில்லை. அவர் ஏமாற்றியது பகைவரின் கண்ணை மட்டும். பிடிபட்ட மாலுமிக்குக் கொடுத்த வாக்கில் ஏமாற்று இல்லை. சுடும்போது ஏற்றிய கொடியில் ஏமாற்று இல்லை. இறந்த தோழர்கள்பால் காட்டிய நன்றியில் ஏமாற்று இல்லை. நாம் அன்றாடம் சந்திப்பவர்களில் சிலர் இதற்கு நேர்மாறு. பூச்செல்லாம் வெள்ளை, உள்ளே இருப்பது துணிப் புகைபோக்கி. அவர்களை எம்டன் என்று அழைப்பதற்குமுன் சற்று எண்ணிப் பார்ப்போம். அப்பெயருக்கு அவர்கள் தகுதியானவர்களா?